மலைநாட்டில் காணி வாங்கும் முன்: பேர்ச் விலைக்கு அப்பால் போகும் காசு

பண்டாரவளையோ ஹட்டனோ நாவலப்பிட்டியோ, எங்கே காணி பார்க்கப் போனாலும் புரோக்கர் முதலில் சொல்வது ஒரு பேர்ச், அதாவது சுமார் 272 சதுர அடி, என்ன விலை என்பதைத்தான். நாமும் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு பத்து பேர்ச்சஸ் இவ்வளவு, கையில் இவ்வளவு இருக்கிறது, மீதிக்கு வங்கி என்று பஸ்ஸில் திரும்பி வருவதற்குள் கணக்கை முடித்துவிடுகிறோம். அந்தக் கணக்கில் வராத செலவுகள்தான் பிறகு ஆளை முறிக்கின்றன. இருநூறு வருடமாகத் தோட்டக் கம்பெனியின் லய வரிசை வீடுகளில் இருந்த சனம் நாம். கொழும்புக் கடையிலும் வெளிநாட்டிலும் உழைத்து நம் குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தக் காணி வாங்குகிற தலைமுறை இது, அந்தக் காசு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். குடியிருக்க வாங்கினாலும் சரி, வாடகைக்கு விட வாங்கினாலும் சரி, விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டாலும் சரி, மலைநாட்டில் ஒரு காணியின் உண்மையான விலையைத் தீர்மானிப்பவை உறுதியும், அதாவது உரிமைப் பத்திரமும், நிலத்தின் சரிவும். பேர்ச் விலை அதற்குப் பிறகுதான்.

உறுதியில் தொடங்குவோம், ஏனென்றால் இங்கே பிழை விட்டால் மற்ற எந்தக் கணக்கும் போட்டுப் பயனில்லை.

விற்பவர் கையில் இருப்பது என்ன கடதாசி என்று முதலில் கேளுங்கள். சின்னக்கர உறுதி என்றால் தனியார் காணி, விற்கலாம், வாங்கலாம். அரசாங்கம் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம் என்றால் அவர் விரும்பினபடி விற்க முடியாது, பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டும், துண்டு போடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. அதை வெறும் கடிதத்தில் எழுதி வாங்கிவிட்டு, அது பக்கத்துக் காணியை விடப் பாதி விலை என்று சந்தோசப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி விலைக்குக் காரணம் அந்தக் கடிதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதுதான். தோட்டத்து லயக் காம்பராவையோ, அதன் பின்னால் இருக்கிற மரக்கறித் துண்டையோ யாராவது விற்கிறேன் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான தோட்டக் காணிகள் அரசுக்குச் சொந்தம், கம்பெனிகள் அவற்றைக் குத்தகைக்குத்தான் வைத்திருக்கின்றன. குத்தகைக்காரருக்கே இல்லாத உரிமையை அங்கே குடியிருப்பவர் எப்படி விற்பது? தோட்ட வீடமைப்பில் கொடுத்த ஏழு பேர்ச்சஸ் காணி விலைக்கு வந்தால், உறுதி கொடுத்திருக்கிறார்களா, அதில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும்.

கண்டி, கம்பளை பக்கத்துக் கிராமக் காணிகளில் வேறொரு சிக்கல், பிரிக்கப்படாத பங்கு. உறுதியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, முப்பத்தாறில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கும். விற்பவர் ஒரு மூலையைக் கையால் காட்டி இதுதான் என்னுடையது என்பார். சட்டப்படி அந்த மூலை அவருடையது இல்லை, முழுக் காணியிலும் அவருக்கு ஒரு பங்கு இருக்கிறது, அவ்வளவுதான். பிரிப்பதற்கு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும், அது ஒரு தலைமுறையைக் கூடத் தின்னும். வங்கியும் இப்படிப்பட்ட காணிக்குக் கடன் தர முன்வராது.

இதையெல்லாம் பார்த்துச் சொல்லத்தான் உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிஸ். காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதிகளை, பத் இரு என்று எல்லோரும் சொல்வது, எடுத்து முப்பது வருடத்துக்குப் பின்னால் போய் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, அடமானம் இருக்கிறதா, வழக்குப் பதிந்திருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பெரிய தோட்டமாக இருந்து பிரிந்த காணி என்றால் 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் அரசின் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்குப் போனதா என்பதையும் தேடச் சொல்லுங்கள். விற்பவருக்கே அது அண்மையில் நன்கொடை உறுதியாக வந்திருந்தால் அதையும் கவனியுங்கள். நன்றிகெட்டதனம் என்ற காரணம் காட்டி, கொடுத்தவர் நீதிமன்றத்தில் நன்கொடையைத் திரும்பப் பெற வழி இருப்பதால் வங்கிகள் இந்த உறுதிகளுக்குத் தயங்கும். தேடும் கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்று விற்பவருடைய நொத்தாரிஸையே நாமும் வைத்துக்கொள்வது பலர் செய்கிற வேலை. வேண்டாம். நமக்கென்று ஒருவரை வையுங்கள், முழுச் செலவில் இதுதான் மிகச் சிறியது.

சரி, உறுதி சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். எழுதுகிற செலவு என்ன?

முத்திரை வரி மாகாண சபைக்குப் போகிறது, கண்டி, மாத்தளை, நுவரெலியா என்றால் மத்திய மாகாணம், பதுளைப் பக்கம் என்றால் ஊவா. விலையில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதி முழுவதற்கும் 4 வீதம், கட்ட வேண்டியவர் வாங்குபவர். கணக்குக்காக ஒரு பேர்ச் நான்கு இலட்சம் என்று வைத்தால் பத்து பேர்ச்சஸ் நாற்பது இலட்சம். முதல் இலட்சத்துக்கு 3,000, மீதி 39 இலட்சத்துக்கு 1,56,000, ஆகமொத்தம் 1,59,000 ரூபாய். நொத்தாரிஸ் கூலி பேச்சைப் பொறுத்தது, ஒரு வீதம் ஒன்றரை வீதம் என்று கேட்பார்கள், ஐம்பதாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டுப் பிரதி, பதிவுக் கட்டணம், நகர சபையிலோ பிரதேச சபையிலோ எடுக்கும் சான்றிதழ்கள், நில அளவையாளரான சேவையர் வந்து எல்லைக் கல்லைச் சரிபார்க்கும் செலவு எல்லாவற்றுக்கும் ஒரு முப்பதாயிரம் என்று குறித்தாலும், நாற்பது இலட்சக் காணி உங்கள் பெயருக்கு வரும்போது நாற்பத்திரண்டு இலட்சத்து நாற்பதாயிரத்தை ஒட்டி நிற்கும். இந்த இரண்டு இலட்சத்துச் சொச்சத்துக்கு வங்கி கடன் தராது, கையில் ரொக்கமாக இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் தாலிக்கொடியை அடகு வைக்கிற இடம் பெரும்பாலும் இதுதான்.

சேவையரைக் கட்டாயம் காணிக்குக் கூட்டிப் போங்கள். மலையில் எல்லைக் கல் மண்ணோடு இறங்கும், தேயிலைக்குள் மறையும், சில வேளை கையோடும் போகும். பிளானில் இருக்கும் காணியும் கண்ணெதிரே இருக்கும் காணியும் ஒன்றுதானா என்று அவர்தான் சொல்ல முடியும்.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாமே என்று சொல்லாத புரோக்கர் குறைவு. நாற்பதுக்கு வாங்கி இருபத்தைந்து என்று எழுதினால் முத்திரை வரி 99,000தான், அறுபதாயிரம் மிச்சம் என்பார். முதலாவது, அந்த வரி சந்தை மதிப்பின் மேல்தான், மாகாண இறைவரித் திணைக்களம் மதிப்புப் போதாது என்று கண்டால் மீதியைக் கேட்கும். இரண்டாவது அதைவிடப் பெரியது, அதை விற்கிற இடத்தில் சொல்கிறேன். உறுதி எழுதியதும் பதிவு நடந்துவிட்டதா என்று நீங்களே போய்க் கேளுங்கள். ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றிருந்தால் முறையாகக் காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவர் பக்கம்தான் சட்டம் சாயும், முதலில் எழுதியவர் பக்கம் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் காசு போடுகிறார், அவர் பெயரிலேயே எழுதுவோம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கைக் குடியுரிமையை விட்டவர் பெயரில் காணி எழுத 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்காது. இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. இதை முற்பணம் கொடுக்கும் முன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், பிறகு காசு போட்டவர் ஒருவர், பெயர் இருப்பவர் இன்னொருவர் என்று உடன்பிறப்புகள் கோர்ட்டில் நிற்கக் கூடாது.

இனிச் சரிவு

பிளானில் பத்து பேர்ச்சஸ் என்றால் மேலே இருந்து பார்த்த தட்டையான அளவு. 2,722 சதுர அடி, எழுத்தில் சரிதான். ஆனால் சரிந்த காணியில் வீடு வைக்கச் சமமான தரை வேண்டும், அதற்கு மேல்பக்கத்தை வெட்ட வேண்டும், வெட்டிய மண்சுவருக்கும் வீட்டுக்கும் இடையே இடம் விட வேண்டும், கீழ்ப்பக்க விளிம்பிலிருந்தும் தள்ளி நிற்க வேண்டும். இதெல்லாம் போக, கட்டுவதற்கு மிஞ்சுவது பாதி அளவாகக் கூட இருக்கலாம். ஆகவே இரண்டு காணியை ஒப்பிடும்போது பேர்ச் விலையை ஒப்பிடாதீர்கள், வீடு வைக்கக்கூடிய தரை எவ்வளவு, அதற்கு என்ன கொடுக்கிறோம் என்று ஒப்பிடுங்கள். நான்கு இலட்சத்துச் சமதரை, இரண்டரை இலட்சத்துச் சரிவை விட மலிவாக முடிகிற நேரங்கள் உண்டு.

வித்தியாசத்தைத் தின்பது தாங்குசுவர். கருங்கல்லோ கொங்கிறீட்டோ, உயரம் கூடக் கூடச் செலவு ஏறுகிற வேகம் பயங்கரம், ஏனென்றால் பத்தடிச் சுவர் ஐந்தடிச் சுவரின் இரண்டு மடங்கில் முடியாது, அடியில் அகலமும் அத்திவாரமும் கம்பியும் எல்லாமே கூடும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடியக் குழாயும் கல்லும் போடாவிட்டால் அடுத்த பெரிய மழையில் சுவர் வயிறு தள்ளி நிற்கும். இதை மேசன் பாஸிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள், ஒரு எஞ்சினியருக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள்.

அப்புறம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை எல்லாமே மண்சரிவு அபாய மாவட்டங்கள், இங்கே கட்டட அனுமதிக்கு அவர்களுடைய மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். பலர் காணியை வாங்கி, பிளான் கீறி, பிறகுதான் அறிக்கைக்குப் போகிறார்கள். அவர்கள் கட்டக் கூடாது என்று சொன்னால் கையில் இருப்பது மரக்கறித் தோட்டம்தான், கட்டலாம் ஆனால் இந்தச் சுவர், இந்த வடிகால் வேண்டும் என்று சொன்னால் அந்தச் செலவு உங்கள் தலையில். வாங்கும் முன்பே அறிக்கை எடுக்க வேண்டும் என்று விற்பவரிடம் சொல்லுங்கள், விற்பனை உடன்படிக்கையிலேயே அறிக்கை சாதகமாக வராவிட்டால் முற்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதுங்கள். அதற்குச் சம்மதிக்காத விற்பவரிடம் அந்தக் காணியை விட்டுவிடுவதே நல்லது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை, 2025 நவம்பரில் டித்வா புயல் இந்த மலைகளை என்ன செய்தது என்பதும் கண்ணெதிரே இருக்கிறது. இந்த அறிக்கை காசுக் கணக்கு மட்டும் இல்லை, அதில் படுத்துத் தூங்கப் போகிறவர்களின் உயிர். பக்கத்து வீட்டில் சுவர் வெடித்திருக்கிறதா, மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா, மழை இல்லாத நாளிலும் சரிவில் புதிதாகத் தண்ணீர் கசிகிறதா என்று நீங்களும் பாருங்கள், ஊர் மனிதர்களிடமும் கேளுங்கள், அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

பாதை. பிளானில் பாதை காட்டியிருக்கிறதா, உறுதியில் பாதை உரிமை எழுதியிருக்கிறதா? தோட்டப் பாதையால் போய்வருகிற காணி என்றால் நாளைக்கு நிர்வாகம் கேட்டைப் பூட்டினால் என்ன செய்வது என்று யோசியுங்கள். டிப்பர் இறங்காத காணியில் ஒவ்வொரு கியூப் மணலுக்கும் ஒவ்வொரு சீமெந்து மூடைக்கும் தூக்குக் கூலி தனி, அது கட்டட எஸ்டிமேட்டில் எழுதப்படாமலே போகும். மின்கம்பம் தூரத்தில் இருந்தால் அந்தச் செலவு, குழாய்த் தண்ணீர் இல்லை பீலித் தண்ணீர்தான் என்றால் அது யாருடைய காணியில் ஊறுகிறது, பெப்ரவரி மார்ச்சில் வற்றுமா என்ற கேள்வி.

மழைக்கும் விலை இருக்கிறது. ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை கொட்டும், பதுளைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அந்த மாதங்களில் மண் வெட்டத் தொடங்கினால் வேலையும் நடக்காது, வெட்டிய இடமும் சரியும், கடனுக்கு வட்டி மட்டும் ஓடும்.

கடன்

ஐம்பது இலட்சம், பதினைந்து வருடம், 12 வீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 60,000, மொத்தமாகக் கட்டி முடிப்பது ஒரு கோடியே எட்டு இலட்சம். வட்டி 20 வீதத்துக்குப் போனால் அதே கடனுக்குத் தவணை 88,000ஐ ஒட்டும். நடக்காத கதை இல்லை, 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. வட்டி நிலையானதா மாறுமா, எத்தனை வருடத்துக்கு நிலையானது, முன்கூட்டி அடைத்தால் தண்டம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் கூலி, சட்டத்தரணி கூலி, அடமானப் பத்திரச் செலவு, காப்புறுதி இவையும் உங்களுடையவை. வங்கி மதிப்பீட்டாளர் நீங்கள் கொடுக்கும் விலையை விடக் குறைவாக மதிப்பிட்டால் கடனும் குறையும், அந்த இடைவெளியை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

வாடகை வரும் என்ற கணக்கு

காணி 42 இலட்சம், சின்ன வீடு 80 இலட்சம் என்று வைத்தால் 1 கோடியே 22 இலட்சம். மாதம் 40,000 வாடகை என்றால் வருடத்துக்கு 4,80,000, போட்ட காசில் நான்கு வீதம் கூட இல்லை. அதிலிருந்தும் கழியும். ஒரு குடும்பம் போய் இன்னொன்று வருவதற்குள் ஒரு மாதம் சும்மா கிடக்கும், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த சுவருக்குப் பெயின்ட், கூரைத் தகடு, நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கட்டும் சோலைவரி. சோலைவரியை முழு வருடத்துக்கும் சேர்த்து ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு தருவார்கள், அதை விடாதீர்கள். வாடகை உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வருமான வரிக்கு வரும், 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்குப் பதினெட்டு இலட்சம் வரை விலக்கு, வாடகையில் நாலில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று கழிக்கலாம். அதே தொகையை வங்கியில் நிலையான வைப்பில் போட்டால் இன்று என்ன வட்டி, அதில் பிடிக்கிற 10 வீத வரி போக மிஞ்சுவது என்ன என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வாடகை தோற்கும் என்று நான் சொல்லவில்லை, காணியின் விலையும் ஏறும்தான், ஆனால் வாடகையால் கடனைக் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் கடன் எடுப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

நுவரெலியா, எல்ல பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விடுவது என்றால் வருமானம் கூட, செலவும் கூட. சுடுதண்ணீர் ஹீட்டரின் மின்கட்டணம், காயாத போர்வைகள், இருந்து பார்க்க ஒரு ஆள், பதிவுத் தளங்களின் கமிஷன், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைப் பதிவு, உள்ளூராட்சி அனுமதி. ஏப்ரல் வசந்த காலத்தில் அறை கிடைக்காது என்பதை வைத்து வருடம் முழுவதையும் பெருக்கிவிடாதீர்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 எரிபொருள் தட்டுப்பாடு, 2025 புயல், ஏழு வருடத்துக்குள் நான்கு முறை இந்த அறைகள் வெறிச்சோடின. ஆறு மாதம் ஒருவரும் வராவிட்டாலும் தவணை கட்டக் கையில் காசு இருந்தால் இறங்குங்கள், இல்லாவிட்டால் ஆசிரியருக்கோ வங்கி உத்தியோகத்தருக்கோ மாத வாடகைக்கு விடுவதே நிம்மதி.

விற்கும்போது

விற்ற லாபத்தின் மேல் கட்டும் மூலதன ஈட்டுகை வரி தனிநபருக்கு 10 வீதமாக இருந்தது, 2025 ஏப்ரல் 1இலிருந்து 15 வீதம். மேலே சொன்ன காணியைச் சில வருடம் கழித்து 60 இலட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். புரோக்கருக்கு 3 வீதம், 1,80,000. வாங்கிய செலவோடு 42,40,000. லாபம் 15,80,000, வரி 2,37,000. முத்திரை வரி, நொத்தாரிஸ், சேவையர் ரசீதுகள் கையில் இருந்தால்தான் அவற்றைச் செலவாகக் காட்ட முடியும், ஆகவே முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் ஒரு பைலில் போடுங்கள், தாங்குசுவர்க் கணக்கையும் சேர்த்து. உறுதியில் இருபத்தைந்து இலட்சம் என்று எழுதியிருந்தால் இப்போது லாபம் 15,60,000 கூடுதலாகத் தெரியும், அதற்கு வரி மட்டும் மேலதிகமாக 2,34,000. அன்று மிச்சம் பிடித்தது அறுபதாயிரம். நீங்களே குடியிருந்த ஒரே வீடு, மூன்று வருடம் தொடர்ந்து உங்களுடையதாக இருந்து அதில் இரண்டு வருடமாவது வசித்திருந்தால் இந்த வரியில் விலக்கு உண்டு.

இரண்டு வருடத்தில் விற்று லாபம் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு வாங்குபவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நாற்பது இலட்சத்துக்கு வாங்கிய அந்தக் காணியைப் புரோக்கர் மூலம் விற்றால், ஒரு சதம் லாபம் இல்லாமல் போட்ட காசு மட்டும் திரும்ப வருவதற்கே 43 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு விற்க வேண்டும், கடன் வட்டி அதற்கு மேல். மகளின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ மூன்று நான்கு வருடத்தில் தேவைப்படுகிற காசு என்றால் அதைக் காணியில் போடாதீர்கள், மலைக் காணி அவசரத்துக்கு விலை போகாது, அவசரம் என்று தெரிந்தால் கேட்க வருகிறவர் முதலில் குறைப்பதும் பேர்ச் விலையைத்தான்.